மழையில் நனைந்தால் காய்ச்சல் வருமா? பருவங்களும் பிள்ளைகளின் உடம்பும்

"மழையில நனையாதே, காய்ச்சல் வந்துடும்." இதைக் கேட்காமல் தமிழ்நாட்டில் வளர்ந்த பிள்ளை இருக்க முடியாது. சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. மழை பிடித்த சில நாளில் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் சுருண்டு படுப்பதை அவர்கள் வருஷா வருஷம் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மழைத்தண்ணீரில் காய்ச்சல் இல்லை. காய்ச்சலைக் கொண்டுவருபவை வைரஸ், பாக்டீரியா போன்ற கிருமிகள். அவை வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தும்மலில் வரலாம். மொட்டைமாடியில் கிடக்கும் உடைந்த வாளியில் பிறந்த கொசுவோடு வரலாம். குடிநீர்க் குழாயில் கலந்துவிட்ட சாக்கடையில் வரலாம். இந்த மூன்று வழிகளையும் ஒரே நேரத்தில் அகலத் திறந்துவிடுவதுதான் மழை செய்யும் வேலை.

பருவத்துக்கும் பிள்ளைகளின் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பில் இந்த ஒன்று பிடிபட்டால் மற்றது தானாக விளங்கும். பருவம் பெரும்பாலும் நோயைத் தருவதில்லை, நோய்க்கு வழிவிடுகிறது. எந்த மாதத்தில் எந்த வழி திறக்கிறது என்று தெரிந்தால், நனைந்த தலையைத் துவட்டுவதில் காட்டும் அக்கறையில் பாதியை அந்த உடைந்த வாளியிடம் காட்டத் தோன்றும். வெயில் மட்டும் விதிவிலக்கு. அதற்குக் கிருமியின் துணை வேண்டாம், தானே தாக்கும்.

பாட்டிகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. சாதாரணச் சளியைக் கொடுக்கும் ரைனோ வைரஸ், உடம்பின் உள்வெப்பமான 37 டிகிரியைவிட 33 டிகிரி செல்சியஸ் அளவில்தான் நன்றாகப் பெருகுகிறது. மூக்கின் உட்புறம் ஏறக்குறைய அந்த வெப்பத்தில்தான் இருக்கும். ஆக, குளிர் அந்த வைரஸுக்குக் கொஞ்சம் கைகொடுக்கலாம். ஆனால் வைரஸே இல்லாத இடத்தில் குளிர் மட்டும் சளியைப் படைக்காது.

இன்னொன்று. இணையத்தில் படிக்கிற குழந்தைநலக் குறிப்புகளில் பாதி, பனி பொழியும் நாடுகளுக்கு எழுதப்பட்டவை. 'குளிர்காலம்தான் ஃப்ளூ காலம்' என்று அவற்றில் இருக்கும். நமக்கு அது பொருந்தாது. ஸ்ரீநகரில் ஃப்ளூ ஜனவரி முதல் மார்ச் வரை உச்சத்தில் இருக்கிறது. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஏறுகிறது. ஒரே நாட்டுக்குள்ளேயே இப்படி. அதனால் நம்முடைய நாட்காட்டியை வைத்துத்தான் பேச வேண்டும்.

பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?

அதே வெயில், அதே மழை, அதே வீடு. அப்பாவுக்கு ஒன்றும் ஆவதில்லை, கைக்குழந்தைக்கு மட்டும் ஆஸ்பத்திரி. காரணம் குழந்தை என்பது சின்ன சைஸ் பெரியவர் இல்லை என்பதுதான். அதன் உடம்பின் கணக்கே வேறு.

எடையோடு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோல் பரப்பு அதிகம். வெளிச்சூடு சீக்கிரம் உள்ளே ஏறும், உடம்புச் சூடு சீக்கிரம் வெளியே போகும். வியர்த்துக் குளிரும் திறனும் பெரியவர்களைவிடக் குறைவு. பிறந்த குழந்தையின் எடையில் ஏறக்குறைய 75 சதவீதம் தண்ணீர், பெரியவர்களுக்கு 60 சதவீதம். கையிருப்பு கூட இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் செலவு அதைவிடக் கூடுதல். மூச்சிலும் தோலிலும் சிறுநீரிலும் அது இழக்கும் நீர், எடைக்கு எடை பார்த்தால் நம்மைவிட அதிகம். அதனால்தான் காலையில் விளையாடிய குழந்தை, நாலைந்து முறை வயிற்றால் போனதும் மாலைக்குள் கண் உள்வாங்கிக் கிடக்கிறது.

மூச்சுக்குழாயின் கதை இன்னும் முக்கியம். சிறு குழந்தையின் மூச்சுக்குழாய் 4 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். சளியாலும் வீக்கத்தாலும் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் அடைத்தால் மிஞ்சுவது 2 மில்லிமீட்டர். குழாய் பாதியாகிவிட்டது, ஆனால் காற்றை இழுக்கும் சிரமம் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை, 16 மடங்காகிறது. குழாயின் ஆரம் குறையக் குறைய, காற்றுக்கான எதிர்ப்பு அதன் நான்காம் அடுக்கில் ஏறும் என்பது இயற்பியல் விதி. அதே 1 மில்லிமீட்டர் வீக்கம் 8 மில்லிமீட்டர் குழாய் உள்ள பெரியவருக்கு வந்தால் சிரமம் ஏறக்குறைய மூன்று மடங்குதான் ஆகும். மெல்லிய ஸ்ட்ராவில் கெட்டியான மில்க்‌ஷேக்கை உறிஞ்சிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அப்பாவுக்கு 'லேசா மூக்கடைப்பு' என்று போகிற அதே வைரஸ், நாலு மாதக் குழந்தைக்கு நெஞ்சு உள்வாங்கும் மூச்சிரைப்பாக மாறுவது இப்படித்தான்.

எதிர்ப்புசக்தியும் இன்னும் பாடம் படித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வைரஸையும் முதல்முறையாகச் சந்திக்கிற வயசு அது. கடைசியாக ஒன்று: தாகம் எடுத்தால் எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கவோ, சூடான இடத்தைவிட்டு நகரவோ கைக்குழந்தைக்கு முடியாது. அது நம்மை நம்பித்தான் இருக்கிறது.

சித்திரை, வைகாசி: வெயில்

அக்னி நட்சத்திரம் என்று நாட்காட்டியில் போட்டிருப்பது மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மாதக் கடைசிவரை நீளும் நாட்கள். கத்திரி முடிந்தால் வெயிலும் முடிந்தது என்று நினைப்பது தப்பு. சென்னையில் 45 டிகிரி பதிவானது 2003-ல் மே 31 அன்று, அதாவது கத்திரி கழிந்த பிறகு. 2023-லும் 2024-லும் வெயிலுக்காகவே ஜூன் மாதப் பள்ளித் திறப்பைத் தள்ளிவைத்தார்கள்.

வெயில் காலத்தில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவது சின்னச் சின்னத் தொல்லைகள். வேர்க்குரு என்பது வியர்வைச் சுரப்பியின் வாய் அடைத்துக்கொள்வதால் வருகிறது. அதன்மேல் பவுடரை அப்பினால் இன்னும் அடைக்கும். பவுடர் தூள் குழந்தையின் மூச்சில் வேறு போகும். குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, மெல்லிய பருத்தித் துணி போட்டுக் காற்றாட விட்டால் தானே அடங்கும்.

'சூடு பிடிச்சிருக்கு' என்று நம் வீடுகளில் சொல்லும் நீர்க்கடுப்புக்கு வருவோம். தண்ணீர் குறைவாகக் குடித்தால் சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சல் தரும், இது உண்மை. நிறையத் தண்ணீரும் மோரும் கொடுத்தால் ஒரே நாளில் சரியாகிவிடும். சரியாகவில்லை, அல்லது கூடவே காய்ச்சல், வாந்தி, அடிவயிற்று வலி இருக்கிறது என்றால் அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். தொப்புளில் எண்ணெய் வைத்துக்கொண்டு நாள் கடத்தக் கூடாது. பெண் குழந்தைகளிடம் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் நிறைய.

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு, கொளுத்தும் மே மாதத்திலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர்தான். அடிக்கடி பால் கொடுத்தால் போதும். தண்ணீர் குடிக்க வேண்டியவர் அம்மா. 'நாக்கு வறளுதே' என்று சங்கில் தண்ணீர் புகட்டுவதில் இரண்டு கெடுதல். வயிறு நிறைந்து பால் குறையும், தண்ணீர் சுத்தமாக இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கும் வரும்.

அப்புறம் கார். 'இதோ ரெண்டு நிமிஷம்' என்று பூட்டிய காரில் குழந்தையை விட்டுக் கடைக்குள் போவது. வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்தில் 10 டிகிரி அளவுக்குக் கூட ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை.

வெப்பத்தாக்கு என்பது காய்ச்சல் இல்லை. இரண்டிலும் உடம்பு கொதிக்கும், ஆனால் நடப்பது வேறு. காய்ச்சலில் மூளை தானாக வெப்ப அளவை ஏற்றிவைக்கிறது, அதனால் பாராசிட்டமால் கேட்கும். வெப்பத்தாக்கில் உடம்பு தன்னைக் குளிர்விக்க முடியாமல் தோற்றுப்போகிறது. அங்கே பாராசிட்டமால் உதவாது. வெயிலில் விளையாடிய பிள்ளை உளறினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ, உடனே நிழலுக்குத் தூக்கி, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். நினைவு தெளியாத பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

ஜூனில் ஒரு தனிப் பருவம்

தொல்காப்பியம் ஆறு பருவம் சொல்கிறது. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஏழாவதாக ஒன்று உண்டு, பள்ளித் திறப்பு. இரண்டு மாதம் தனித்தனியாகக் கிடந்த பிள்ளைகள் ஒரே நாளில் ஒரே அறையில் அடைபடுகிறார்கள். ஒருவர் மூக்கைத் துடைத்த கையால் இன்னொருவர் பென்சிலை எடுக்கிறார். வானிலைக்கு இதில் வேலையே இல்லை.

முதன்முதலாக எல்.கே.ஜி. போகும் பிள்ளைக்கு ஒரு வருஷத்தில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பான கணக்குக்குள் வருகிறது. ஒவ்வொன்றும் ஒரு வாரம், பத்து நாள் இழுக்கும். அதனால் 'என் பிள்ளைக்கு மாசா மாசம் சளி, எதிர்ப்புசக்தி இல்லையோ' என்று டானிக் தேடி ஓடுவதற்குமுன், பிள்ளை எடை கூடுகிறதா, சளிக்கும் சளிக்கும் நடுவே நன்றாக விளையாடுகிறதா என்று பார்த்தால் போதும். இந்தச் சளிகள் வைரஸால் வருபவை. மீந்துபோன ஆண்டிபயாடிக் சிரப்பை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுப்பதால் வைரஸுக்கு ஒன்றும் ஆகாது.

இந்த மாதங்களில் கை, கால், வாயில் கொப்புளம் வரும் காய்ச்சலும் விளையாட்டுப் பள்ளிகளில் சுற்றும். 2022-ல் கேரளத்தில் பரவியபோது 'தக்காளிக் காய்ச்சல்' என்று செய்திகள் பெரிதாக்கின. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே ஆறிவிடுவது. வாய்ப்புண்ணால் பிள்ளை எதையும் குடிக்க மறுப்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஐப்பசி, கார்த்திகை: மழை

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. நோய்களும் இங்கேதான் கூட்டமாக வருகின்றன. அவற்றில் பெற்றோர் அதிகம் பயப்படுவதும் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்வதும் டெங்குதான்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. சுத்தமாகத் தேங்கிய தண்ணீர் அதற்குப் பிடிக்கும். தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, மூடாத சிமென்ட் தொட்டி, எல்லாமே அதற்கு வீடு. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற 7 முதல் 10 நாள் ஆகும். வாரம் ஒருமுறை கொட்டினால் சங்கிலி அறுந்துவிடும் என்று சொல்வதற்கு இதுதான் கணக்கு. கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். முட்டைகள் நீர்மட்டத்தை ஒட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வற்றிப்போனாலும் மாதக்கணக்கில் சாகாமல் காத்திருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். மழை தொடங்கிய கையோடு கொசு பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கொசு பகலில் கடிக்கும். இரவில் கொசுவர்த்தி ஏற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். பகலில் தூங்கும் கைக்குழந்தைக்குப் பகலிலேயே வலை போடுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு இந்த மாதங்களில் முழுக்கைச் சட்டையும் முழுநீளக் காற்சட்டையும் நல்லது.

நோய் வந்துவிட்டது என்றால் தெரிந்திருக்க வேண்டிய ஒரே விஷயம்: டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் வருகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ஜுரம் விட்டுவிடும். 'அப்பாடா' என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியக்கூடிய நேரம். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் ஜில்லிடுவது, பிள்ளை சோர்ந்து கிடப்பது அல்லது காரணமில்லாமல் சிணுங்குவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அப்போதே ஆஸ்பத்திரி. ஜுரம் இல்லையே என்று காத்திருக்கக் கூடாது.

பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்த்துப் பதறுவதும், பப்பாளி இலைச் சாறு பிழிந்து கொடுப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டன. என் பார்வையில் அந்த ஒற்றை எண்ணுக்கு நாம் தேவைக்குமேல் மரியாதை கொடுக்கிறோம். மருத்துவர்கள் அதோடு சேர்த்துப் பார்ப்பது ரத்தம் எவ்வளவு கெட்டிப்படுகிறது, நாடித்துடிப்பு எப்படி, சிறுநீர் போகிறதா என்பதை. ஏற்கெனவே வாந்தி எடுக்கும் பிள்ளைக்குக் கசப்புச் சாற்றைப் புகட்டினால் உள்ளே போன கஞ்சியும் வெளியே வந்துவிடும். காய்ச்சலுக்கு எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் கொடுத்தால் ரத்தக்கசிவு கூடக்கூடும். இரண்டு மருந்து கலந்த சிரப்புகள் கடையில் இருப்பதால் பாட்டில் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வெள்ளம் வந்தால் இன்னொரு கவலை. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு விளையாடினால் எலிக்காய்ச்சல் வரலாம். காலில் சின்னச் சிராய்ப்பு இருந்தால் கிருமிக்கு அதுவே கதவு. தேங்கிய தண்ணீரில் காகிதக் கப்பல் விடுகிற ஆசையைக் கெடுக்க மனசு வராதுதான். செருப்பைப் போட்டு அனுப்பி, வந்ததும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவிவிடலாம்.

வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல். 1971-ல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்த பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோய், மருத்துவர் திலீப் மகலநபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். இறப்பு பெருமளவு குறைந்தது. அதே தத்துவம்தான் இன்று பொட்டலமாகக் கிடைக்கிறது. பெரிய பொட்டலம் ஒன்றுக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் சரியாக 1 லிட்டர். 'கொஞ்சம் போட்டு ஒரு டம்ளரில் கலக்கலாம்' என்றால் உப்பு கூடிப்போகும் அல்லது குறைந்துபோகும், இரண்டும் கெடுதல். கலக்கியதை 24 மணி நேரத்துக்குமேல் வைக்க வேண்டாம். இரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு ஒவ்வொரு முறை வயிற்றால் போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட வயதுக்கு 100 முதல் 200 மில்லி, கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு மறுபடி தொடங்கலாம். துத்தநாக மருந்தையும் மருத்துவர் 14 நாளுக்கு எழுதித் தருவார். பேதி நின்றதும் அதை நிறுத்திவிடாதீர்கள்.

ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் அட்டைப்பெட்டியில் விற்ற இனிப்பு பானங்கள் வேறு, இந்தக் கரைசல் வேறு. அவற்றில் சர்க்கரை அதிகம், அதனால் பேதி கூடவும் செய்யும். ஐதராபாத்தில் ஒரு குழந்தை மருத்துவர் பல ஆண்டுகள் விடாமல் போராடியதன் பலனாக, உலக சுகாதார நிறுவனத்தின் கலவை இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

மார்கழி, தை: பனி

நம்முடைய பனிக்காலத்தைக் குளிர் என்று சொன்னால் தில்லிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் மார்கழியில் மூச்சிரைப்புள்ள பிள்ளைகள் அதிகாலையில் இருமிக்கொண்டு எழுவது உண்மை. இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நின்றுவிடுகிறது. வண்டிப் புகையும் தூசியும் மேலே போக வழியில்லாமல் பிள்ளையின் மூக்கு உயரத்திலேயே தங்குகின்றன. இதே நேரத்தில் போகிப் பண்டிகை வேறு. 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தடுமாறின. விமானத்துக்கே அந்தப் பாடு என்றால் மூச்சிரைப்புப் பிள்ளைக்கு? அன்று காலை ஜன்னலைச் சாத்திப் பிள்ளையை உள்ளே வைத்திருப்பதும், டயர் பிளாஸ்டிக்கைத் தெருவில் யாரும் போடாமல் பார்த்துக்கொள்வதும் செய்யக்கூடியவை.

இன்ஹேலர் என்றால் 'பழகிப்போயிடும்' என்று பயந்து சிரப்பே கொடுங்கள் என்று கேட்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். உண்மையில் இன்ஹேலரில் போவது மைக்ரோகிராம் கணக்கு, நேரே நுரையீரலுக்கு. சிரப்பு வயிறு, ரத்தம் என்று சுற்றிவிட்டு மில்லிகிராம் கணக்கில் போகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு இன்ஹேலரின் முனையில் மாட்டும் ஸ்பேசர் குழாயும் வேண்டும். இல்லாவிட்டால் மருந்து தொண்டையிலேயே நின்றுவிடும்.

பனிமாதங்களில் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கும் கூடும். 6, 10, 14 வாரங்களில் அரசு மையங்களில் இலவசமாகக் கொடுக்கும் சொட்டு மருந்து இதற்குத்தான். இந்தியாவிலேயே உருவான ரோட்டா தடுப்பு மருந்தைச் சோதித்த மூன்று ஊர்களில் வேலூரும் ஒன்று.

இதே காலத்தில் ஊர்ப்புறங்களில் பரவும் உண்ணிக் காய்ச்சலைப் பலர் கேள்விப்பட்டதில்லை. மழைக்குப் பின் புதர் தழைக்கும்போது அதில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. ஒரு வாரம் ஆகியும் இறங்காத காய்ச்சல் என்றால், குளிப்பாட்டும்போது அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம், இடுப்புக் கயிறு படும் இடம் எல்லாம் பாருங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தால் அதை மருத்துவரிடம் காட்டுங்கள். வலிக்காது என்பதால் பிள்ளை சொல்லாது. சரியான மருந்து கிடைத்தால் இந்தக் காய்ச்சல் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். தெரியாமல் விட்டால் நுரையீரல், மூளை வரை போகும்.

மாசி, பங்குனி: அம்மை

வெயில் ஏறத் தொடங்கும் இந்த மாதங்களில்தான் சின்னம்மை சுற்றத் தொடங்கும். உடம்புச் சூட்டால் வருகிறது என்பது நம்பிக்கை. வருவது வைரஸால், ஒருவரிடமிருந்து ஒருவருக்கு, 10 முதல் 21 நாள் இடைவெளியில். வாசலில் வேப்பிலை செருகி, பிள்ளையைத் தனியே படுக்கவைத்து, வெளியாட்களை வரவிடாமல் பார்த்துக்கொண்ட பழக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தொற்றுநோய்க்கு அது நல்ல தடுப்புதான். ஆனால் குளிப்பாட்டாமல் விடுவதும், 'டாக்டர்கிட்ட போனா அம்மன் கோபிப்பா' என்று மூச்சுத்திணறும் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருப்பதும் வேண்டாம். ஆஸ்பிரின் இங்கேயும் கூடாது. வீட்டில் கர்ப்பிணியோ பிறந்த குழந்தையோ இருந்தால் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டுப் பழக்கங்கள் சில

குளித்த குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவது. வாசனையாக இருக்கும், தலை காயும், சந்தோஷம். ஆனால் அந்தச் சின்ன மூச்சுக்குழாய்க்குள் போகும் புகை, கொசுவர்த்திப் புகைபோலவே எரிச்சலைத்தான் தரும். பாட்டியோடு சண்டை வேண்டாம் என்றால் சாமி அறைக்குக் காட்டிவிட்டு, குழந்தையை அடுத்த அறையில் வைத்திருக்கலாம். மூக்கில், காதில் எண்ணெய் விடுவதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலில் இறங்கி நிமோனியாவே வரலாம். அடைத்த மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்.

மழைக்காலத்தில் தயிர், வாழைப்பழம், ஆரஞ்சு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது இன்னொன்று. பழம் சளியை உண்டாக்குவதில்லை. காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ரொட்டியும் வெந்நீருமாக ஒரு வாரம் ஓட்டினால் அது இளைப்பதுதான் மிச்சம். போர்த்துவதிலும் இதே அளவு மீறல் உண்டு. ஜுரத்தில் கொதிக்கும் குழந்தைக்குக் குல்லா, ஸ்வெட்டர், கம்பளி என்று சுற்றினால் சூடு வெளியே போக இடம் ஏது? பிறந்த குழந்தை மட்டும் வேறு. அதற்குக் குளிரில் நடுங்கிச் சூடு உண்டாக்கத் தெரியாது. அதன் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, ஜில்லென்று இருந்தால் அம்மாவின் மார்போடு தோல் படும்படி அணைத்துக்கொள்வதே நல்ல வழி.

எப்போது ஓட வேண்டும்?

எந்தப் பருவமானாலும் மூச்சை எண்ணத் தெரிந்திருப்பது நல்லது. பிள்ளை அழாமல் இருக்கும்போது, முடிந்தால் தூங்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் என்றால் 60, 2 முதல் 12 மாதம் வரை 50, ஒன்று முதல் 5 வயது வரை 40. இந்த எண்ணையோ அதைத் தாண்டியோ போனால் வேக மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள். பால் குடிக்க மறுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், 3 மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்குமேல் காய்ச்சல், இவையும் அதே வகை. ராத்திரி நேரத்தில் சந்தேகம் வந்தால் 104 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது 'மழையில் நனைஞ்சான் டாக்டர்' என்று தொடங்குவதைவிட உதவியான தகவல்கள் இருக்கின்றன. காய்ச்சல் தொடங்கியது எந்த நாள், எந்த நேரம். கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது. வகுப்பிலோ தெருவிலோ வேறு யாருக்காவது இதேபோல் இருக்கிறதா. சமீபத்தில் தோட்டம், வயல், வெள்ளநீர் எதிலாவது விளையாடினானா. என்ன மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள். பாட்டிலையும் தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.